காலித் தொட்டியில் வைக்கோல்: திருவருகைக் காலத்தில் பிள்ளைகளுக்கு ரகசிய உதவியைப் பழக்க ஒரு முழு வழிகாட்டி

கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் நான்கு ஞாயிறுகள் கொண்ட திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு சீட்டு எடுப்பார்கள். சீட்டில் யார் பெயர் வருகிறதோ அவருக்கு, யார் செய்தது என்றே தெரியாமல், தினமும் ஒரு சின்ன உதவி. செய்து முடித்ததும் குடிலில் காலியாக இருக்கும் தீவனத்தொட்டியில் ஒரு வைக்கோல் துண்டு. 24ஆம் தேதி இரவு அந்த வைக்கோல் மேல் பாலன் இயேசு. மறுநாள் காலையில் யார் யாருக்குச் செய்தார்கள் என்று உடைப்பது. அவ்வளவுதான் விஷயம்.

ஹாஸ்டலிலும் காலேஜிலும் ‘கிறிஸ்மா – கிறிஸ் சைல்டு’ விளையாடியவர்களுக்கு இது பழகின சங்கதி. அங்கே பரிசுப் பொருள் வாங்க வேண்டியிருக்கும். இங்கே கடைக்கே போகக் கூடாது.

சேலத்தில் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த எங்கள் அன்பியத்திலும், ஏற்காட்டில் இருக்கும் சொந்தக்காரர் வீடுகளிலும் புதிதாகத் தொடங்குகிறவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து எழுதியது இது. பிள்ளைகளால் கெட்டுப்போனது குறைவு. பெரும்பாலும் பெரியவர்கள்தான் கெடுப்பார்கள். இன்னொன்று, எல்லோரும் சீட்டுக் குலுக்குவதில் ஆரம்பிக்கிறார்கள். இந்த வரிசையில் அது ஐந்தாவதாகத்தான் வருகிறது. அதற்குக் காரணம் இருக்கிறது.

1. காலண்டரைப் பாருங்கள்

திருவருகைக் காலம் வருடா வருடம் ஒரே தேதியில் தொடங்காது. நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் நடுவில் வரும் ஞாயிறு அது. 2026இல் நவம்பர் 29, 2027இல் நவம்பர் 28. கிறிஸ்துமஸ் திங்கட்கிழமை வந்தால் மொத்தம் 22 நாள்தான் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் 28 நாள்.

இதை ஏன் முதலில் பார்க்க வேண்டும் என்றால், நடுவில் அரையாண்டுத் தேர்வு வந்து உட்கார்ந்துகொள்ளும். முதல் வாரம் பிள்ளைகள் பறப்பார்கள். கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள் எல்லாம் நின்றுவிடும். அப்புறம் திரும்ப எடுக்க யாருக்கும் மனது வராது.

அதனால் தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள்: தேர்வு ஆரம்பிக்கும் வரை தினம் ஒன்று, தேர்வு நாட்களில் வாரத்துக்கு இரண்டு போதும், லீவு விட்டதும் மறுபடி தினம் ஒன்று. முன்கூட்டிச் சொன்னால் அது ஏற்பாடு. விட்டுப்போன பிறகு சொன்னால், பிள்ளைக்கு அது தோற்றுப்போனதாகத் தெரியும்.

டிசம்பர் 16 முதல் 24 வரை, ஒன்பது நாள் செபம் நடக்கும் நவநாள் நாட்களில் மட்டும் செய்தால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. எல்கேஜி, யூகேஜி வாண்டுகள் மட்டும் உள்ள வீட்டுக்கு ஒன்பது நாள் சரியான அளவு. பெரிய வகுப்புப் பிள்ளைகள் இருந்தால் அந்த நாட்கள்தான் பரீட்சையின் உச்சம், வேண்டாம்.

இன்னொரு முடிவையும் இப்போதே எடுங்கள். எட்டு வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் ஒவ்வொரு ஞாயிறும் புதுச் சீட்டு. அவர்களால் ஒரே ஆளை நான்கு வாரம் நினைவில் வைத்திருக்க முடியாது, அலுத்தும் போகும். எல்லோரும் பெரிய பிள்ளைகள் என்றால் கடைசி வரைக்கும் ஒரே சீட்டு. ஒருவரையே மாதம் முழுக்கக் கவனிக்கும்போது இரண்டாம் வாரத்துக்கு மேல்தான் நல்ல யோசனைகள் வரத் தொடங்கும்.

2. தொட்டி, வைக்கோல், டப்பா

கடையில் வாங்கும் குடில் செட்களில் பல சமயம் பாலனும் தொட்டியும் ஒட்டியே வரும். அப்படியானால் தனியாக ஒரு தொட்டி வேண்டும். பாக்கு மட்டைத் தொன்னை ஒன்று போதும், பார்க்கவும் நன்றாக இருக்கும். பாதிக் கொட்டாங்குச்சியும் சரிதான். குடில் வைக்கும் வழக்கம் இல்லாத வீடுகளில் ஏதாவது ஒரு திறந்த டப்பா.

தொட்டியின் அளவில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது. ஐந்து பேர் உள்ள வீட்டில் 26 நாளும் தினம் ஒன்று என்றால் 130 துண்டு சேரும். தீப்பெட்டி அளவுத் தொட்டி முதல் வாரமே நிரம்பிவிடும், பிள்ளைகள் ‘முடிஞ்சுது’ என்று கையைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பெரிய அட்டைப் பெட்டியை வைத்தால் கடைசி வரை அடிமட்டத்தில் நாலு துரும்பு கிடக்கும், ஆர்வமே போய்விடும். உள்ளங்கை அகலத் தொன்னையும் விரல் நீள வைக்கோலும் பெரும்பாலான வீடுகளுக்குச் சரியாக வருகின்றன.

வைக்கோலுக்கு, பால் ஊற்றுகிறவரிடம் ஒரு கைப்பிடி கேட்டால் போதும். மலையில் இருப்பவர்களுக்கு நெல் வைக்கோல் கைக்குச் சிக்குவது கஷ்டம், காய்ந்த புல்லை அறுத்துக்கொள்ளலாம். எதுவாக இருந்தாலும் ஒரு நாள் நல்ல வெயிலில் காய வையுங்கள். வடகிழக்கு மழையும் பனியும் சேர்ந்த டிசம்பரில், ஏற்காட்டு வீட்டுக்குள் வைத்த ஈர வைக்கோல் சீக்கிரமே பூசணம் பூத்து நாறும். குடிலுக்குப் பசுமை வேண்டும் என்று கேழ்வரகு முளைக்கப் போடுகிறவர்கள் அந்த முளைப்புத் தட்டை, வைக்கோல் தொட்டியிலிருந்து தள்ளியே வையுங்கள், தெளிக்கும் தண்ணீர் வைக்கோலில் படும்.

நறுக்கிய வைக்கோலைக் குடிலுக்குப் பக்கத்தில் மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். மேசை டிராயருக்குள் வைத்தால், டிராயரைத் திறக்கும் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும்.

குடிலுக்குள் சீரியல் விளக்கு போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய குண்டு பல்புச் சரம் சூடாகும், அதை வைக்கோல் பக்கமே கொண்டுபோகாதீர்கள். எல்இடி சரமானாலும் தொட்டியைத் தொடாமல் கட்டுங்கள், படுக்கப் போகும்போது அணையுங்கள். குடிலுக்குள் மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம்.

3. எந்த ரகசியம் நல்லது என்று பேசுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ‘யாரிடமும் சொல்லாதே’ என்று நாமே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறோம். அதே வார்த்தையைக் கெட்ட எண்ணத்தோடு சொல்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். எனவே சீட்டைத் தொடுவதற்கு முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

சின்னப் பிள்ளைக்குப் புரியும்படி இப்படிச் சொல்லலாம்: “இது டிசம்பர் 25 அன்னைக்கு எல்லார்கிட்டயும் சொல்லப்போற ரகசியம். முடியற தேதி இருக்கு. எப்பவுமே சொல்லக்கூடாதுன்னு யாராவது சொன்னாலோ, உனக்குப் பயமா இருந்தாலோ, உடம்பைத் தொடற விஷயமா இருந்தாலோ, அது ரகசியமே இல்லை கண்ணு. உடனே வந்து சொல்லணும்.” குழந்தைகளுக்கான இலவச உதவி எண் 1098. அதையும் இந்தச் சாக்கிலேயே மனப்பாடம் செய்ய வைத்துவிடலாம்.

இதையொட்டி இரண்டு விதிகள். அம்மாவிடமோ அப்பாவிடமோ சொன்னால் விளையாட்டு கெட்டுப்போகும் என்று ஒருபோதும் சொல்லாதீர்கள், பிள்ளை எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம். இரண்டாவது, வீட்டுப் பிள்ளையையும் வெளி ஆள் ஒருவரையும் ரகசிய ஜோடியாகச் சேர்க்கும் சீட்டே வேண்டாம், அவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும்.

4. சீட்டுக்கு முன் மூன்று நாள் கவனிப்பு

எந்த வீட்டிலும் பிள்ளைகளிடம் ‘ஆயாவுக்கு (பாட்டிக்கு) ஒரு உதவி செய்’ என்றால் முதலில் வருவது ஒரு வாழ்த்து அட்டை, இல்லையென்றால் ஐந்து ரூபாய் சாக்லேட். ஆயாவுக்கு சர்க்கரை இருக்கும். பிள்ளையின் மனதில் குறை ஒன்றும் இல்லை. ஆயாவின் நாள் எப்படிப் போகிறது என்று அது பார்த்ததே இல்லை, அவ்வளவுதான்.

எனவே சீட்டு எடுக்கும் ஞாயிறுக்கு முந்தின வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் உதவி எதுவும் செய்ய வேண்டாம், பார்த்தால் மட்டும் போதும் என்று சொல்லுங்கள். ராத்திரி சாப்பிடும்போது ஆளுக்கு ஒரு கேள்வி. “இன்னைக்கு ஆயா எத்தனை தடவை குனிஞ்சாங்க?” “அப்பா வண்டிச் சாவியைத் தேடினாரா?” “தம்பிக்குக் காலையில எது அழுகை வரவழைச்சுது?” “அம்மா உட்கார்ந்து சாப்பிட்டாங்களா, நின்னுக்கிட்டா?” கடைசிக் கேள்விக்குப் பல வீடுகளில் பதில் தெரியாமல் முழிப்பார்கள். அது ஒன்றே இந்தப் படிக்குப் போதுமான நியாயம்.

கேள்வி பொதுவாக இருந்தால் பதிலும் பொதுவாகத்தான் வரும். ‘ஆயாவுக்கு என்ன கஷ்டம்?’ என்றால் ‘வயசாயிடுச்சு’ என்பார்கள். ‘எத்தனை தடவை’, ‘எங்கே’, ‘எந்த நேரத்தில்’ என்று கேளுங்கள்.

எனக்குத் தெரிந்த வீட்டில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கண்டுபிடித்தது இது. ஆயா சமையலுக்கு நடுவில் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி முந்தானையில் துடைக்கிறார். ஏன் என்று அவன் கிட்டே போய்ப் பார்த்திருக்கிறான். இடது பக்கக் கண்ணாடியில் மட்டும் மஞ்சள் கட்டைவிரல் ரேகை. கையில் மஞ்சள்தூளோடு மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளும் பழக்கம் ஆயாவுக்கு. முந்தானையிலும் எண்ணெய், அதனால் துடைக்கத் துடைக்க இழுவிக்கொண்டே போகிறது. சீட்டில் ஆயா பெயர் வந்ததும் அவன் செய்தது, ஆயா மத்தியானம் படுத்திருக்கும்போது கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியில் ஒற்றி, இருந்த இடத்திலேயே வைத்தது. இரண்டு நிமிட வேலை. மூன்று நாள் பார்க்காமல் இந்த யோசனை வந்திருக்கவே வராது.

5. சீட்டுக் குலுக்குவது

இப்போது சீட்டு. எல்லாம் ஒரே தாளில் வெட்டி, ஒரே மாதிரி மடித்து, ஒரே பேனாவில் எழுதியதாக இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் மடிப்பை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். வாசிக்கத் தெரியாத குழந்தைக்குப் பெயருக்குப் பதில் படம்: தாத்தாவுக்குக் கைத்தடி, அக்காவுக்கு ரெட்டை ஜடை.

யாருக்காவது சொந்தப் பெயரே வந்தால் எல்லாச் சீட்டையும் திரும்பப் போட்டு முதலிலிருந்து குலுக்குங்கள். ‘நீயும் நானும் மாத்திக்கலாம்’ என்று இரண்டு பேர் மாற்றிக்கொண்டால் அங்கேயே இரண்டு ரகசியம் அவுட்.

மூன்று பேர் மட்டும் உள்ள வீட்டில் சீட்டே வேலைக்கு ஆகாது. அப்பா, அம்மா, மகள் என்று வையுங்கள். அப்பாவுக்கு மகள் பெயர் வந்தால், அம்மா தன் பெயரை எடுக்க முடியாது, மகள் சீட்டு ஏற்கெனவே போய்விட்டது, ஆக அம்மாவிடம் இருப்பது அப்பா பெயர். மகளிடம் அம்மா பெயர். சீட்டைப் பிரித்த நொடியிலேயே மூன்று பேருக்கும் எல்லாம் தெரிந்துவிடும். இப்படிப்பட்ட வீடுகள் சீட்டில் இன்னும் சில பெயர்களைச் சேர்த்துக்கொள்ளட்டும்: ஊரில் இருக்கும் தாத்தா, மாடி வீட்டு அக்கா, வீட்டு வேலைக்கு வரும் அம்மா. அவர்கள் சீட்டு எடுக்க வேண்டாம், பெற்றுக்கொள்கிறவர்களாக மட்டும் இருக்கட்டும். மூன்றாம் படியில் சொன்னபடி, பிள்ளைக்கு வெளி ஆள் பெயர் வந்தால் மறுபடி குலுக்குங்கள். அப்படிச் சேர்க்கும்போது வீட்டில் ஒருவர் பெயர் யாருக்கும் வராமல் போகலாம், அதற்கு மருந்து எட்டாவது படியில் இருக்கிறது.

நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையிடம் ரகசியம் தங்காது. “அம்மா, உங்க பேருதான் வந்துச்சு, சொல்ல மாட்டேன்” என்று ஓடி வந்து சொல்லும். அந்தக் குழந்தைக்கு ஒரு பெரிய ஆளைக் கூட்டாளியாகப் போட்டு, இருவருக்கும் சேர்த்து ஒரே சீட்டு கொடுங்கள். குழந்தை உளறினால் திட்ட வேண்டாம், சிரித்துவிட்டு மறந்த மாதிரி நடியுங்கள்.

கடைசியாக, யாரிடம் யார் பெயர் என்ற பட்டியல் ஒன்று வீட்டுக்கு வெளியே ஒருவரிடம் இருக்கட்டும். வெளியூர் அத்தை, சித்தி என்று யாராவது. ஒவ்வொருவரும் தனியாகப் போன் செய்து தன் சீட்டைச் சொல்லிவிட வேண்டும். புதன்கிழமை வாக்கில் ஒரு பிள்ளை ‘எனக்கு யார் வந்தாங்கன்னு மறந்துபோச்சு’ என்று நிற்கும். அப்போது இந்தப் பட்டியல் காப்பாற்றும்.

6. தினம் ஒரு வேலை: எது சேரும், எது சேராது

மூன்று விதிகளைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். காசு செலவாகக் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. தன் சொந்தக் கடமை கணக்கில் வராது.

காசு கூடாது என்பது பிள்ளைகளுக்கு நடுவில் ஏற்றத்தாழ்வு வராமல் இருக்க. பெரியவளிடம் கைக்காசு இருக்கும், சின்னவனிடம் இருக்காது. ஐந்து நிமிடம் என்பது, முதல் நாள் பீரோ முழுக்க அடுக்கிவிட்டு இரண்டாம் நாள் களைத்துப்போகாமல் இருக்க. மூன்றாவதுதான் சண்டை கிளப்பும். ‘நான் என் தட்டைக் கழுவினேன், ஒரு வைக்கோல்’ என்று வரும். உன் தட்டு உன் வேலை. அண்ணன் தட்டைக் கழுவியது அண்ணனுக்குத் தெரியாமல் இருந்தால், வைக்கோல்.

பழகின வீடுகளில் நன்றாக ஓடுகிறவை சில. காலையில் அவசரமாகக் கிளம்புகிறவரின் செருப்பை வாசலைப் பார்த்துத் திருப்பி வைப்பது. சார்ஜ் இல்லாத போனைச் சார்ஜில் போடுவது. பேனாவில் ரீஃபில் மாற்றுவது. தண்ணீர் விடும் நாளில், தூங்குகிறவரை எழுப்பாமல் அவர் முறைக் குடத்தைப் பிடித்து வைப்பது. சேலத்தில் இந்த ஒரு உதவியின் மதிப்பை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஏற்காட்டில் டிசம்பர் காலையில், கொடியில் சில்லிட்டுக் கிடக்கும் ஸ்வெட்டரை முந்தின இரவே எடுத்து அடுப்படிப் பக்கம் போட்டு வைப்பது. காப்பி பறிப்புக்குப் போகும் அம்மாவின் கூடைக் கயிற்றில் பிரிந்த முடிச்சை இறுக்குவது.

வாசலில் காய்கிற துணியை மடித்து வைப்பது நல்ல உதவி, ஆனால் ரகசியம் நிற்காது. மடிக்கும் விதத்தை வைத்தே யார் என்று அம்மாக்கள் சொல்லிவிடுவார்கள். அப்படியும் செய்யட்டும், பாதகமில்லை.

பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குச் சின்ன வேலைகள் குழந்தைத்தனமாகத் தோன்றும். அவர்களுக்குக் கடினமானதைக் கொடுங்கள்: அவன் சீட்டில் யார் இருக்கிறாரோ அவரைப் பற்றி மற்றவர்கள் குறை பேசும்போது பேச்சை மாற்றுவது. வெளியே யாருக்கும் தெரியாது, வைக்கோல் உண்டு. தம்பியோடு தகராறு வரும் இடத்தில் வாயை மூடிக்கொண்டு எழுந்து போவதும் சேரும். பெரிய பிள்ளைகள் இதை ஏற்றுக்கொள்கிறார்கள். இது நிஜமாகவே கஷ்டம் என்பது அவர்களுக்கே தெரியும்.

7. வைக்கோல் போடும்போது

ஒரு உதவிக்கு ஒரு துண்டு. அறையில் யாரும் இல்லாதபோது போட வேண்டும். எண்ணக் கூடாது, எழுதி வைக்கக் கூடாது.

எண்ணிக்கை வந்தவுடன் போட்டி வரும், போட்டி வந்தவுடன் பொய் வரும். ‘நான் பத்து, நீ நாலு’ என்று பேச்சு ஆரம்பித்தால் அன்று மாலையே பெரியவர் யாராவது பெயர் சொல்லாமல் தொட்டியில் பத்து பதினைந்து துண்டை அள்ளிப் போட்டுவிடுங்கள். கணக்கு குழம்பிவிடும், பேச்சும் அடங்கும். ஒரு வாண்டு கைப்பிடியாக அள்ளிப் போட்டாலும் கண்டுகொள்ளாதீர்கள்.

சேட்டை செய்தால் வைக்கோலை எடுத்துவிடுவேன் என்று மிரட்டுவதைச் சில வீடுகளில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். நேற்றைய உதவி நேற்று நடந்தது, இன்றைய அடம் அதை இல்லாமல் ஆக்காது. அதோடு, மற்றவர்கள் போட்ட துண்டையும் சேர்த்துத்தான் எடுக்கிறீர்கள்.

8. பெரியவர்களின் வாய்

முக்கால்வாசி வீடுகளில் இது உடைவது இங்கேதான்.

சின்னவள் உங்கள் செருப்பைத் திருப்பி வைப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டீர்கள். வாய் துறுதுறுக்கும். ‘அட, என் தங்கமே’ என்று கட்டிக்கொண்டால் அந்த உதவி அங்கேயே முடிந்துபோகும். அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டியது, நீங்கள் ஆச்சரியப்படுவதைத் திருட்டுத்தனமாகப் பார்க்கும் சந்தோஷம். அதை விட்டுக்கொடுங்கள். செருப்பை மாட்டும்போது, எவரையும் பார்க்காமல், “அட, யாரோ திருப்பி வச்சிருக்காங்களே! எவ்வளவு சுலபமா இருக்கு” என்று காற்றிடம் சொல்லுங்கள். செய்த ஆளுக்குக் காதில் விழும், அது போதும்.

பரிசு கொடுப்பதைப் பற்றி ஒரு ஆய்வுச் செய்தி. வார்னிக்கன், டொமசெல்லோ என்ற உளவியலாளர்கள் 20 மாதக் குழந்தைகளை வைத்துச் செய்த சோதனை 2008இல் வெளிவந்தது. உதவி செய்ததற்குப் பொருள் பரிசு வாங்கிய குழந்தைகள், ஒன்றும் வாங்காத குழந்தைகளைவிடப் பிறகு குறைவாகவே உதவினார்கள். வாய்ப் பாராட்டு அப்படிக் குறைக்கவில்லை. ஆகவே ‘தொட்டி நிரம்பினால் சைக்கிள்’ என்ற பேரம் கூடவே கூடாது. பாராட்டை நான் தள்ளிப்போடச் சொல்வது வேறு காரணத்துக்காக, அது பிள்ளையைக் கெடுக்கும் என்பதால் அல்ல. 25ஆம் தேதி காலையில் வயிறு நிறையப் பாராட்டுங்கள்.

பிள்ளை தானே ஓடி வந்து “அம்மா, நான்தான் செஞ்சேன்” என்றால்? “எதை? எனக்கு ஒண்ணும் கேக்கலையே” என்று காதைக் குடையுங்கள். பிள்ளை சிரித்துக்கொண்டு ஓடிவிடும்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தொட்டிப் படம் வேண்டாம். பக்கத்து வீட்டில் ‘எங்க வீட்டுப் பிள்ளைங்க எப்படித் தெரியுமா’ என்று பெருமை பேசும் தாத்தாவுக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சித்தப்பா ஒருவர் வந்து ‘யாருடா உனக்கு வந்தது, எனக்கு மட்டும் சொல்லு’ என்று நோண்டுவார். அவரையும் சீட்டில் சேர்த்துவிடுவதுதான் சுலபமான வழி.

பெரியவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. யாருக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்று கண் வைத்திருக்க வேண்டும். மூன்று நாள் ஒரு பிள்ளையின் முகம் வாடியிருந்தால், அதன் சீட்டை வைத்திருப்பவர் மறந்துவிட்டார் என்று அர்த்தம், அல்லது அதன் பெயர் யாரிடமும் போகவில்லை. நீங்களே ஒன்றைச் செய்துவிடுங்கள். பட்டியல் வைத்திருக்கும் அத்தையிடம் சொல்லி, மறந்தவருக்கு ஒரு போன் போடச் சொல்லலாம்.

9. வாசலுக்கு வெளியே போகிறவர்களுக்கு

வீட்டுக்குள் பழகிய பிறகு, மூன்றாம் ஞாயிறு வாக்கில், குடும்பமாக ஒரு வெளி உதவி செய்யலாம். திருவருகைக் கால மெழுகுவர்த்திகளில் ரோஜா நிறத்தில் உள்ளதை ஏற்றும் ஞாயிறு அது, பிள்ளைகளுக்கு நினைவில் நிற்கும்.

இங்கே ஊர் வழக்கம் பார்த்து நடக்க வேண்டும். யார் என்று தெரியாமல் வாசலில் வைத்த பலகாரத்தை நம் ஊரில் யாரும் சாப்பிட மாட்டார்கள், சரிதானே? எறும்புக்கும் நாய்க்கும்தான் போகும். பலகாரத் தட்டைக் கையில் கொடுத்துவிட்டு வருவதே நல்லது, அது ரகசியமாக இருக்க வேண்டாம். அதேபோல் அடுத்த வீட்டு வாசலில் பொட்டலமோ பூவோ வைத்தால், ‘எவனோ செய்வினை வச்சுட்டான்’ என்று ஒரு குடும்பம் ராத்திரி முழுக்கத் தூங்காது.

எதையும் வைக்காமல் செய்கிற உதவிகளே நல்லவை. மழையில் கிடக்கும் அவர்கள் வீட்டுப் பேப்பரைத் திண்ணையில் எடுத்துப் போடுவது. தெருக்குழாய் ஒழுகினால் மூடுவது. உருண்டுபோன குப்பைக் கூடையை நிமிர்த்தி வைப்பது. துப்புரவுப் பணியாளருக்காகக் கண்ணாடிச் சில்லைத் தனியே தாளில் சுற்றி மேலே ‘கண்ணாடி’ என்று எழுதிக் கொடுப்பது. இந்தக் கடைசி ஒன்றை டிசம்பரோடு நிறுத்தாத வீடுகளும் உண்டு. சிறு பிள்ளைகள் எங்கே போனாலும் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

10. 24ஆம் தேதி இரவும் மறுநாள் காலையும்

நள்ளிரவுத் திருப்பலிக்குக் கிளம்பும் முன்பு பாலனைத் தொட்டியில் வைத்துவிடுவதா, வந்த பிறகா? அரிசிப்பாளையம் குழந்தை இயேசு பேராலயம் மாதிரி கூட்டம் சேரும் கோவிலுக்குப் போகிறவர்கள் வீடு திரும்ப எந்நேரமும் ஆகலாம், பிள்ளைகள் வண்டியிலேயே தூங்கிவிடுவார்கள். ஆனாலும் வந்த பிறகு வைப்பதுதான் முறை. தூக்கக் கலக்கத்திலும் வீட்டின் கடைக்குட்டி கையால் வைக்கட்டும். அன்று இரவு அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

உடைப்பதைக் காலையில் காப்பி குடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒவ்வொருவரும் தனக்கு யார் செய்தார் என்று ஊகிக்க வேண்டும், ஏன் என்றும் சொல்ல வேண்டும். அப்போதுதான் ‘என் கண்ணாடி தினமும் பளபளன்னு இருந்துச்சு’ என்று உதவியைப் பெற்றவர் வாயாலேயே வரும். செய்தவர் எழுந்து ‘நான் இதைச் செய்தேன், அதைச் செய்தேன்’ என்று பட்டியல் வாசிக்க வேண்டாம். ‘நான்தான்’ என்ற ஒரு வார்த்தை போதும்.

குறைவாகச் செய்த பிள்ளை கட்டாயம் ஒன்று இருக்கும், அதற்கே அது தெரியும். அங்கே யாரும் வாயைத் திறக்காதீர்கள்.

11. நடுவில் நின்றுபோனால்

நிற்கும். யாருக்காவது காய்ச்சல் வரும், ஊருக்குப் போக வேண்டி வரும், சீட்டு வாஷிங் மெஷினில் போய்விடும். அடுத்த ஞாயிறு புதுச் சீட்டு எடுத்துத் தொடருங்கள். விட்ட நாட்களுக்குச் சேர்த்துச் செய்யச் சொல்ல வேண்டாம், கடன் அடைக்கிற மாதிரி ஆகிவிடும்.

ரகசியம் வெளியே தெரிந்துவிட்டால், தெரிந்த அந்த இரண்டு பேர் மட்டும் அந்த வாரத்தை அப்படியே ஓட்டட்டும். தெரிந்த பிறகும் செய்தால் அதற்கும் வைக்கோல் உண்டு.

பாலனைக் காண மூன்று அரசர்கள் வந்ததை நினைக்கும், ஜனவரித் தொடக்கத்தில் வரும் மூவரசர் திருநாள் முடிந்து குடிலைப் பிரிப்பார்கள். தொட்டி வைக்கோலைக் குப்பையில் போடாமல், வாங்கிய இடத்திலேயே, பால்காரர் வீட்டு மாட்டுக்குக் கொடுத்துவிடலாம். பூசணம் பிடிக்காமல் இருந்தால், ஜிகினா தூளோ கலர் பொடியோ படாமல் இருந்தால் மட்டும். குடில் அலங்கரிக்கும் கையோடு பிள்ளைகள் தொட்டியிலும் மினுமினுப்பைத் தூவிவிடுவார்கள். அப்படித் தூவியிருந்தால் செடித் தொட்டியிலும் போடாதீர்கள், அந்தத் தூள் பிளாஸ்டிக். மலையில் அறுத்த புல்லானால் வீட்டுக்குப் பின்னால் மிளகுக் கொடியடியில் போட்டால் மக்கிவிடும்.